மோட்டார்ஹோமில் மின்சாரம் நின்றுபோனால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

மோட்டார்ஹோமை முதன்முதலாக முகாம் தளம் ஒன்றில் நிறுத்தி, கேபிளைச் செருகி, தேநீருக்குத் தண்ணீர் வைத்த சில நிமிடங்களிலேயே உள்ளே சாக்கெட்டுகளில் மின்சாரம் நின்றுபோவது புதியவர்கள் பலருக்கும் நேர்வதுதான். வண்டியில் ஏதோ பழுது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில், இப்படி மின்சாரம் நின்றவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றுதான்: தளத்தின் மின் இணைப்புத் தூண் கொடுக்கும் அளவுக்கு மேல் வண்டி கேட்டிருக்கிறது. மற்றவற்றிலும், எந்தப் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்தது (தானாக அணைந்தது), எவ்வளவு நேரம் தாங்கிவிட்டு விழுந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால் தேடலில் பாதி முடிந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே கூறப்படுபவை அனைத்தும் வெளியிலிருந்து பார்த்து, சுவிட்சுகளை இயக்கி, பிளக்குகளைக் கழற்றி மாட்டிச் செய்யக்கூடியவை. டிபி பெட்டியின் (வண்டிக்குள் இருக்கும் மின் பகிர்வுப் பெட்டி) உள்மூடியைக் கழற்றுவதும், இணைப்புத் தூணுக்குள் கை வைப்பதும் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை.

வண்டிக்குள் இரண்டு மின்சாரங்கள்

மோட்டார்ஹோமுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்புடைய, ஆனால் தனித்தனியான இரண்டு மின் அமைப்புகள் இருக்கின்றன. விளக்குகள், தண்ணீர்ப் பம்பு, காற்றாடி, ஹீட்டரின் கட்டுப்பாட்டு அட்டை ஆகியவை 12 வோல்ட் பேட்டரியில் இயங்குபவை. சுவர்ச் சாக்கெட்டுகள், மைக்ரோவேவ், கூரை ஏசி, பேட்டரி சார்ஜர் ஆகியவை வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை நம்பியிருப்பவை; அது வட அமெரிக்காவில் 120 வோல்ட், ஐரோப்பா உள்ளிட்ட பல பகுதிகளில் 230 வோல்ட். இந்த இரண்டையும் இணைக்கும் பாலம் சார்ஜர்தான்.

இதைப் புரிந்துகொள்ளாததால் வரும் குழப்பம் ஏராளம். “விளக்கு எரிகிறது, ஆகவே தூணிலிருந்து மின்சாரம் வருகிறது” என்று எண்ணிப் படுக்கப் போகிறவர், உண்மையில் இரவு முழுவதும் பேட்டரியைத் தின்றுகொண்டிருப்பார். விடியற்காலையில் பம்பு முனகும்போதுதான் தூணிலிருந்து எதுவுமே வரவில்லை என்பது தெரியவரும். ஆகவே இணைத்து முடித்ததும் விளக்கைப் பார்க்காமல், மைக்ரோவேவின் கடிகாரத்தையோ சாக்கெட்டில் செருகிய ஒரு போன் சார்ஜரையோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணைக்கும் வரிசை

வண்டிக்குள் உள்ள கனமான கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டு, தூணில் உள்ள எம்சிபியையும் (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) கீழே தள்ளி வையுங்கள். கேபிளை முதலில் வண்டியின் பக்கத்தில் செருகி, அதன் பிறகு தூணில் செருக வேண்டும். மின்சாரம் உள்ள முனை திறந்தபடி கையில் இருக்கும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. இரண்டு முனைகளும் பொருந்திய பின்னரே எம்சிபியை மேலே தள்ள வேண்டும். சில தூண்களில் எம்சிபி பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அங்கே வரிசை இன்னும் முக்கியமாகிறது. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாகும்: உள்ளே சுமையைக் குறைத்து, தூணில் அணைத்து, முதலில் தூண் முனையையும் பின்னர் வண்டி முனையையும் எடுக்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளின் தளங்களில் பரவலாகக் காணப்படும் நீல நிற மூன்று பின் பிளக்கைச் சில தூண்களில் செருகினால் மட்டும் போதாது. வலப்பக்கம் திருப்பிப் பூட்டினால்தான் மின்சாரம் வரும், கழற்றும்போது அருகிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். இது தெரியாமல் ஒரு மாலைப் பொழுதில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வண்டிக்குள் ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்தவன் நான். அடுத்த வண்டியில் இருந்த பெரியவர் வந்து பிளக்கை ஒரு திருகு திருகிவிட்டுப் போனார்.

கணக்கு: எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு கேட்கிறோம்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். இந்த ஒரு பெருக்கலைப் பழகிக்கொண்டவருக்குத் தூணின் எல்லை ஒரு மர்மமாக இருக்காது. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் தூண் 1380 வாட்டும், 10 ஆம்பியர் தூண் 2300 வாட்டும், 16 ஆம்பியர் தூண் 3680 வாட்டும் தரும். வட அமெரிக்காவில் 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் இணைப்பு 3600 வாட் தரும். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு ஃபேஸ் கம்பிகள் தலா 50 ஆம்பியரைச் சுமப்பதால் மொத்தம் 12,000 வாட் கிடைக்கும். பெயரளவில் 30-க்கும் 50-க்கும் உள்ள இடைவெளி சிறியதாகத் தோன்றினாலும் உண்மையில் மூன்று மடங்குக்கும் மேல் வேறுபாடு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேலும், நீண்ட நேரம் இழுக்கும் சுமையை எல்லையின் 80 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்வது அங்குள்ள நடைமுறை. 30 ஆம்பியர் இணைப்பென்றால் தொடர்ச்சியாக 24 ஆம்பியர். மற்ற இடங்களிலும் இது நல்ல பழக்கம்தான்.

ஒரு பிளக்கை வேறு வகைச் சாக்கெட்டில் பொருத்தித் தரும் அடாப்டர்களைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். அடாப்டர் வடிவத்தை மாற்றுமே தவிர, அளவைக் கூட்டாது. 50 ஆம்பியர் வண்டியை 30 ஆம்பியர் தூணில் இணைத்தால் அந்த வண்டி அன்றைக்கு 3600 வாட் வண்டிதான்.

இனி கேட்கும் பக்கம். வீட்டில் பயன்படுத்தும் மின்கெட்டில் 2000 முதல் 3000 வாட் வரை இழுக்கும். பயணத்துக்கென விற்கப்படும் சிறிய கெட்டில் 1000 வாட்டுக்குள் அடங்கும். மைக்ரோவேவில் எழுதியுள்ள 800 வாட் என்பது உணவுக்குள் செல்லும் ஆற்றலின் அளவு. சாக்கெட்டிலிருந்து அது 1200 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஹேர் டிரையருக்கு 1200 முதல் 1800 வாட். இவை கண்ணுக்குத் தெரிந்த சுமைகள். நாம் சுவிட்சைப் போடுகிறோம், நமக்கு நினைவிருக்கிறது.

புதியவர்களைக் கவிழ்ப்பவை தாமாகவே இயங்கும் சுமைகள். வெந்நீர் ஹீட்டரின் மின் காயில் 850 வாட்டாகவோ 1400 வாட்டாகவோ இருக்கலாம். தண்ணீர் ஆறியதும் சொல்லாமல் கொள்ளாமல் இயங்கத் தொடங்கும். எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கும் ஃபிரிட்ஜ் 125 முதல் 300 வாட் வரை எடுத்துக்கொள்ளும். நீண்ட பயணத்துக்குப் பின் பேட்டரி வடிந்திருந்தால், 25 ஆம்பியர் சார்ஜர் மட்டுமே ஏறத்தாழ 400 வாட் இழுக்கும். 6 ஆம்பியர் தூணில் நிற்கும் வண்டியில் இந்த மூன்றும் ஒன்றாக இயங்கும்போது, யாரும் ஒரு சுவிட்சைக்கூடத் தொடாத நிலையிலேயே எல்லை நெருங்கிவிடுகிறது. அதன் மேல் 1000 வாட் கெட்டிலைப் போட்டால் விழாமல் என்ன செய்யும்? பழி மட்டும் கெட்டிலின் மேல் விழுகிறது.

எனவே தளத்துக்கு வந்ததும் தூணின் எம்சிபியில் எழுதியுள்ள எண்ணைப் படியுங்கள். கேபிளின் பிளக்கில் 16 என்று பொறித்திருப்பது பிளக்கின் தாங்குதிறன் மட்டுமே, தூண் அதைவிடக் குறைவாகத் தரக்கூடும். எல்லை குறைவென்றால் ஃபிரிட்ஜையும் வெந்நீரையும் எரிவாயுவுக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் சார்ஜர் அல்லது இன்வெர்ட்டர்-சார்ஜரில் உள்வரும் மின்னோட்டத்தை வரையறுக்கும் அமைப்பு இருந்தால், அதைத் தூணின் எண்ணுக்குக் கீழே வைத்துவிடுங்கள். சாக்கெட்டில் செருகி வாட் அளவைக் காட்டும் சிறு மீட்டர் ஒன்றை வாங்கி, உங்கள் கருவிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கின்றன என்பதை ஒரு முறை அளந்து ஒரு தாளில் எழுதி டிபி பெட்டியின் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைப்பது, நான் அறிந்தவற்றுள் மிகப் பயனுள்ள அரைமணி நேர வேலை.

விழுந்த விதத்தைப் படித்தல்

எம்சிபிக்குள் இரண்டு உறுப்புகள் காவல் காக்கின்றன. ஒன்று, சூடேறி வளையும் ஈருலோகப் பட்டை. மிதமான மிகுசுமையை இது மெதுவாக உணரும். மற்றொன்று, திடீரெனப் பாயும் பெரும் மின்னோட்டத்தைக் கண நேரத்தில் பிடிக்கும் காந்தச் சுருள். 16 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியரை ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடத் தாங்கலாம். 23 ஆம்பியரைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். பி வகை எம்சிபியில் மதிப்பின் 3 முதல் 5 மடங்குக்குள்ளும், சி வகையில் 5 முதல் 10 மடங்குக்குள்ளும் காந்தச் சுருள் உடனே இழுத்துவிடும். “நேற்று இதே சுமையில் நன்றாக ஓடியதே” என்று சொல்பவர்களுக்கு விடை இந்த மெதுவான பட்டையில் இருக்கிறது: வெயிலில் காய்ந்த தூணுக்குள் பட்டை ஏற்கெனவே சூடாக இருப்பதால் சற்று முன்னதாகவே விழுந்துவிடும்.

ஆகவே, சில நிமிடங்கள் தாங்கிவிட்டு எம்சிபி விழுந்தால் அது மிகுசுமை. சுமையைக் குறைத்து, பட்டை ஆறுவதற்கு ஓரிரு நிமிடங்கள் விட்டு, மீண்டும் மேலே தள்ளுங்கள். நெம்புகோல் நடுவில் நின்றிருந்தால் முதலில் முழுவதும் கீழே தள்ளிய பிறகே மேலேற்ற வேண்டும்.

போட்ட மாத்திரத்தில் படீரென்று விழுந்தால், ஏதோ ஒரு கருவியிலோ கம்பியிலோ ஷார்ட் சர்க்யூட் இருக்கக்கூடும். இந்த நிலையில் திரும்பத் திரும்ப மேலே தள்ளிப் பார்ப்பது நெருப்போடு விளையாடுவதாகும். கருவிகள் அனைத்தின் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு முறை முயலுங்கள். மறுபடியும் விழுந்தால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கூரை ஏசி தொடங்கும் கணத்தில் மட்டும் விழுவது தனி வகை. கம்ப்ரசர் கிளம்பும்போது அதன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு கணநேரத்துக்கு இழுக்கும். ஏசியை அணைத்த உடனே மீண்டும் போட்டால், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் சமனாவதற்கு முன் கம்ப்ரசர் திணறி இன்னும் அதிகமாக இழுக்கும். குறைந்தது மூன்று நிமிடங்கள் காத்திருங்கள். ஏசி கிளம்பும்போது மற்ற கனமான கருவிகள் எதுவும் ஓடக் கூடாது. கம்ப்ரசரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினால் இந்தத் தொடக்கப் பாய்ச்சல் வெகுவாகக் குறைகிறது.

ஆர்சிசிபி விழுந்தால்

மின்கசிவைக் கண்டு அறுக்கும் சுவிட்சான ஆர்சிசிபிக்கு வாட் கணக்கு தெரியாது. ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுமையாகத் திரும்புகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தால் அறுத்துவிடும். வட அமெரிக்கச் சாக்கெட்டுகளில் இதே வேலையைச் செய்யும் ஜிஎஃப்சிஐ இன்னும் நுட்பமானது, 4 முதல் 6 மில்லி ஆம்பியரிலேயே விழும். ஆகவே ஆர்சிசிபி விழுந்தால் சுமையைக் குறைப்பதில் பயனில்லை. கசிவைத் தேட வேண்டும்.

தேடும் முறை எளிது. வண்டியின் டிபி பெட்டியில் எல்லா எம்சிபிகளையும் கீழே தள்ளிவிட்டு ஆர்சிசிபியை மேலேற்றுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக, இடையில் சில வினாடிகள் விட்டு, மேலேற்றுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த எம்சிபியின் இணைப்பில் குற்றவாளி இருக்கிறது. அதில் உள்ள கருவிகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். வெந்நீர் ஹீட்டரின் காயில், ஃபிரிட்ஜின் காயில், பழைய கெட்டில் என்ற வரிசையில் சந்தேகப்படுவது பெரும்பாலும் பலிக்கும். நீண்ட நாள் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் காயில்களுக்குள் ஈரம் ஏறியிருப்பதும் உண்டு.

எல்லா எம்சிபிகளும் கீழே இருக்கும்போதே ஆர்சிசிபி நிற்க மறுத்தால் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. எம்சிபிகள் ஃபேஸை மட்டும் அறுக்கும் வகையாக இருந்து, எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கலாம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தால் இது ஓரளவு தெரியும். விழுவது தூணில் உள்ள ஆர்சிசிபி என்றால், கேபிளின் வண்டி முனையைக் கழற்றிவிட்டு, அந்த முனையைத் தரையில் படாமலும் யாரும் தொடாமலும் வைத்து, தூணில் மட்டும் முயன்று பாருங்கள். அப்போதும் விழுந்தால் கேபிளிலோ தூணிலோ கோளாறு; மழைக்குப் பிறகென்றால் பிளக்குக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். விழாமல் நின்றால் வண்டியின் நுழைவுச் சாக்கெட்டை உலர்த்திப் பாருங்கள்.

வட அமெரிக்க வண்டிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. குளியலறையில் உள்ள ஒரே ஜிஎஃப்சிஐ, சமையல் மேடைச் சாக்கெட்டையும் வெளிப்புறச் சாக்கெட்டையும் சேர்த்துக் காக்கும்படி கம்பி இழுத்திருப்பார்கள். வெளியே சாக்கெட் செத்துவிட்டதென்று தேடுபவர் முதலில் குளியலறைக்குப் போய் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும்.

கேபிளும் குறைந்த வோல்ட்டும்

230 வோல்ட் தளங்களுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்ட 25 மீட்டர் மூன்று கம்பிக் கேபிள் பொதுவானது. அதில் 16 ஆம்பியர் ஓடும்போது 6 முதல் 7 வோல்ட் வழியிலேயே இழக்கப்பட்டு, ஏறத்தாழ 100 வாட் வெப்பமாகக் கேபிளின் நீளம் முழுவதும் பரவுகிறது. கேபிளை முழுவதும் விரித்திருந்தால் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். உருளையில் சுற்றியபடியே விட்டால் அதே 100 வாட் ஒரே இடத்தில் குவிந்து உறையை உருக்கிவிடும். தூண் அருகிலேயே இருந்தாலும் கேபிளை முழுவதும் அவிழ்த்து, வண்டிக்கு அடியில் தளர்வாக வளைத்துப் போடுங்கள்.

மாலையில் எல்லோரும் ஏசி போடும் நேரத்தில் தூணிலேயே வோல்ட் சரிவது உண்டு. கெட்டிலுக்கு அதனால் பெரிய தீங்கில்லை. வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெப்பத் திறன் 19 விழுக்காடு குறைந்து தண்ணீர் கொதிக்கத் தாமதமாகும், அவ்வளவுதான். ஏசியின் கம்ப்ரசர் அப்படியல்ல. வோல்ட் குறையக் குறைய அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். 120 வோல்ட் அமைப்பில் 108-க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்துவது நல்லது. தூணுக்கும் வண்டிக்கும் இடையே பொருத்தும் வோல்ட் காப்புக் கருவிகள் பல 104 வோல்ட்டில் தாமாகவே துண்டித்துவிடும். அதைப் பழுதென்று எண்ணி, கருவியைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பவர்கள் சில நாட்களில் புதிய கம்ப்ரசருக்குச் செலவழிப்பார்கள்.

பிளக்கைக் கழற்றியதும் பின்களைத் தொடாமல் பாருங்கள். பழுப்பேறியோ கருகியோ இருந்தால் இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. அந்தப் பிளக்கைத் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

எர்த், போலாரிட்டி

எர்த் அறுந்திருந்தால் எல்லாக் கருவிகளும் ஒழுங்காகவே இயங்கும். அதுதான் இதன் கொடுமை. ஏதேனும் கசிவு ஏற்படும்போது வண்டியின் உலோக உடல் முழுவதும் மின்னேறிவிடும். ஈரத்தரையில் நின்று கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சுருக்கென்று ஓர் உணர்வு ஏற்பட்டால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும், வண்டியை மீண்டும் தொடாமல் நேரே தூணுக்குச் சென்று அணைத்துவிடுங்கள், தளத்தாரிடம் சொல்லுங்கள், காரணம் தெரியும்வரை இணைக்காதீர்கள். புதிய தளத்தில் முதன்முறை இணைத்ததும், தொடாமலே மின்சாரத்தை உணர்த்தும் பேனா டெஸ்டரை வண்டியின் உடல் அருகே பிடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதும் இதைப் போலவே சத்தமில்லாத கோளாறு. ஐரோப்பாவின் சில தளங்களில் இது அவ்வப்போது எதிர்ப்படும். ஒற்றைக் கம்பியை மட்டும் அறுக்கும் சுவிட்ச் அப்போது நியூட்ரலை அறுக்கும். கருவி அணைந்திருக்கும், ஆனால் அதற்குள் ஃபேஸ் காத்திருக்கும். மூன்று விளக்கு கொண்ட பிளக் டெஸ்டர் எர்த் இல்லாததையும் போலாரிட்டி மாறியதையும் காட்டிவிடும். நியூட்ரலும் எர்த்தும் தமக்குள் இடம் மாறியிருந்தால் மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. வட அமெரிக்க 50 ஆம்பியர் தூணில் நியூட்ரல் அறுந்தால் ஒரு பக்கம் வோல்ட் எகிறி மறுபக்கம் சரியும். சில விளக்குகள் பளீரென்றும் சில மங்கலாகவும் எரிவதைக் கண்டால் யோசிக்காமல் உடனே துண்டிக்க வேண்டும்.

பேட்டரி பக்கம்

சாக்கெட்டுகளில் மின்சாரம் இருந்தும் விளக்குகள் மங்கினால் சார்ஜரைச் சோதியுங்கள். ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி முழுமையாக இருக்கும்போது 12.7 வோல்ட்டும், பாதியில் ஏறத்தாழ 12.2 வோல்ட்டும் காட்டும். தூணில் இணைத்தபின் இந்த எண் ஏறத் தொடங்கி 13.5-ஐயும் தாண்டிச் செல்ல வேண்டும். பத்து நிமிடங்களுக்குப் பிறகும் எண் அசையவே இல்லையென்றால், சார்ஜரின் எம்சிபி, அதன் சொந்தச் சுவிட்ச், பேட்டரிக்குச் செல்லும் ஃபியூஸ், பேட்டரி துண்டிப்புச் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். அந்தத் துண்டிப்புச் சுவிட்ச் பெரும்பாலும் கதவருகே, முழங்கால் இடிக்கும் உயரத்தில் இருக்கும்.

தூண் போதவில்லையென்றால் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1000 வாட் கருவியை 12 வோல்ட்டிலிருந்து இயக்க, இழப்பையும் சேர்த்தால் 90 ஆம்பியருக்கு மேல் தேவை. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் தாராளமாக எடுக்கலாம் என்பதால், அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. தண்ணீர் கொதிக்க வைக்க எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துவிடுங்கள்.

இவ்வளவையும் முடித்த பிறகும் காரணம் பிடிபடவில்லையென்றால், தளத்தில் வேறொரு தூணில் அனுமதி பெற்று இணைத்துப் பாருங்கள். அங்கும் அதே விதத்தில் விழுந்தால் கோளாறு உங்கள் கேபிளிலோ வண்டியிலோ இருக்கிறது. விழாவிட்டால் பழைய தூணின் எண்ணைக் குறித்துத் தளத்தாரிடம் கொடுங்கள். எலக்ட்ரீஷியனை அழைக்கும்போது எது விழுந்தது, எத்தனை நிமிடத்தில் விழுந்தது, அப்போது எவையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, மழை பெய்ததா என்ற நான்கையும் எழுதி வைத்திருந்தால் அவர் டிபி பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எங்கே தொடங்குவதென்று அவருக்குத் தெரிந்துவிடும்.